அர்த்தமற்ற ஒலி என்று எழுதினேன்

நான் ஹைதராபாத்துக்கு வேலைக்கு வந்தபோது, ஜப்பானிய மொழிக்கென்று பல்கலைக்கழகத்தில் இருந்தது ஓர் அறையும் ஓர் இரும்பு அலமாரியும்தான். அந்த அறையிலும் பாதியை ஜெர்மன் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தது. மாலை ஐந்தரை மணிச் சான்றிதழ் வகுப்புக்குப் பதினொரு பேர் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும், அதற்கு முன் பன்னிரண்டு வருடமாக வந்துபோன மாணவர்களுக்கும், தனி ஆளாகப் பாடம் நடத்தி வந்தவர் ஒரு ஜப்பானிய அம்மாள். வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் கெஸ்ட் லெக்சரர்.

அவருடைய கணவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தார்நாகாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேதியியல் விஞ்ஞானி. இளம் வயதில் இரண்டு வருடம் ஜப்பானில் ஆராய்ச்சி செய்யப் போனவர், திரும்பி வரும்போது இந்த அம்மாளைக் கல்யாணம் செய்து அழைத்து வந்துவிட்டார். அம்மாள் படித்தது பள்ளிக்கூடம் வரைக்கும்தான். அதனால் முதல்முறையாக ஒரு நிரந்தர விரிவுரையாளர் பணியிடம் வந்தபோது, அவரும் விண்ணப்பித்தார், நானும் விண்ணப்பித்தேன், எனக்குக் கிடைத்தது. நான் திருச்சியில் பிறந்து, டெல்லியில் ஜப்பானிய மொழியியலில் முனைவர் பட்டம் வாங்கியிருந்தேன். மரியாதைச் சொற்கள் பற்றிய ஆய்வு. நேர்முகத் தேர்வில் அதைப் பற்றித்தான் அரை மணி நேரம் கேட்டார்கள்.

வேலையில் சேர்ந்த அன்று அவர் முகத்தைப் பார்க்கத் தயங்கிக்கொண்டே போனேன். அவர் அலமாரியை ஒழித்துத் துடைத்து வைத்திருந்தார். வருகைப் பதிவேட்டை இரண்டு கைகளாலும் என்னிடம் நீட்டினார். என்னைவிடப் பதினேழு வயது மூத்தவர், என்னைச் ‘சென்செய்’ என்று கூப்பிட்டார். ஆசிரியரைக் கூப்பிடும் சொல் அது. அன்று முதல் கடைசிவரை வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை.

அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் ஊரே மாறிப்போனது. மாதாப்பூர் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பின. ஜப்பானிலிருந்து வேலை எடுத்துச் செய்யும் மென்பொருள் நிறுவனங்கள் தங்கள் பையன்களையும் பெண்களையும் வேனில் ஏற்றி எங்களிடம் அனுப்பின. பதினொரு பேர் இருந்த வகுப்பில் அறுபது பேர் உட்கார இடம் தேடினார்கள். ஜெர்மன்காரர்கள் வேறு மாடிக்குப் போனார்கள். வந்தவர்கள் இலக்கணத்துக்கு ஆசைப்பட்டு வரவில்லை. ஆறு மாதத்தில் பேசவேண்டும், தேர்வு எழுதவேண்டும், விமானம் ஏறவேண்டும். இலக்கணம் எனக்கு, பேச்சு வகுப்பு அம்மாளுக்கு என்று பிரித்துக்கொண்டோம். மாணவர்களுக்கு அவரைத்தான் அதிகம் பிடித்தது. என் வகுப்பில் வாயைத் திறக்காதவர்கள் அவர் வகுப்பில் சிரித்துக்கொண்டே பேசினார்கள்.

ஒரு வருடம் தேர்வுக்கு முன் மாதிரித் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். சொல் எழுதச் சொன்னால் பலரும் ‘சு’ வரவேண்டிய இடத்தில் ‘சி’யும், ‘சி’ வரவேண்டிய இடத்தில் ‘சு’வும் எழுதியிருந்தார்கள். கதவுக்கு வெளியே நின்று அம்மாளின் வகுப்பைக் கேட்டேன். அவர் வாயில் இரண்டும் ஒரே ஒலியாகத்தான் வந்தது. அவர் ஜப்பானின் வடகோடியில் பனி கொட்டும் ஓர் ஊரில் பிறந்தவர் என்பது எனக்குத் தெரியும். வடக்கத்தியர்கள் இப்படிப் பேசுவார்கள் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அதை ஆசிரியர் அறையில் அவரிடம் சொன்னேன். என் ஆய்வில் இருந்த அத்தனை மரியாதைச் சொற்களையும் போட்டு, வலிக்காதபடி சொன்னதாகத்தான் நினைத்தேன். மாணவர்கள் டோக்கியோ உச்சரிப்பைக் கேட்டால் தேர்வுக்கு நல்லது என்றேன்.

அவர் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டார். முகம் கழுத்துவரை சிவந்தது. பிறகு தலை குனிந்து நன்றி சொன்னார்.

அடுத்த வாரத்திலிருந்து கேசட் பிளேயரைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனார். டோக்கியோக்காரர்கள் பேசிய கேசட்டை ஓடவிட்டு, நிறுத்தி, மாணவர்களைத் திருப்பிச் சொல்ல வைத்தார். பக்கத்தில் நின்று பொத்தானை அமுக்குவதுதான் அவர் வேலை என்று ஆகிவிட்டது. அந்த வருடம் தேர்ச்சி கூடியது. எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்குப் பிறகு அவர் இயல்பாக ஜப்பானிய மொழி பேசி நான் கேட்டதே இல்லை. அது அப்போது ஒரு குறையாகவே எனக்குத் தோன்றவில்லை.

அவர் வீட்டுக்கு எப்போதாவது போவேன். கதவைத் திறந்ததும் “வாங்க, இருங்க, காப்பி குடிக்கியளா?” என்பார். கணவரின் ஊரில் மாமியாரோடும் ஓரகத்தியோடும் இருந்து கற்ற தமிழ். கீழே வரும் காய்கறிக்காரியிடம் தெலுங்கு, ஆட்டோக்காரரிடம் ‘நக்கோ பையா’ என்று ஹைதராபாத் உருது, ஒரே மகளிடம் ஆங்கிலம். ஜப்பானிய மொழி மட்டும் அந்த வீட்டில் இல்லை. மகள் சிறுமியாக இருந்தபோது, வீட்டில் இத்தனை பாஷை பேசினால் குழந்தை குழம்பிவிடும், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். கணவரும் தலையாட்டியிருக்கிறார். அந்த மகள் வளர்ந்து அமெரிக்கா போய்விட்டாள்.

ஒரு கோடைக்காலத்தில், துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாள் அப்படியே சரிந்து விழுந்தார். மூன்றாம் நாள் கணவர் எனக்குப் போன் செய்தார்.

“டீச்சர், உசிருக்கு ஆபத்தில்லன்னுட்டாங்க. ஆனா என்னமோ பேசுதா. தமிழு இல்ல, இங்கிலீசு இல்ல. ஜப்பான் மாதிரி இருக்கு. நீங்க ஒரு எட்டு வந்து பாக்க முடியுமா?”

செகந்திராபாத்தில் ஒரு மருத்துவமனை. வலது கை அசையவில்லை, வாய் லேசாகக் கோணியிருந்தது. என்னைப் பார்த்ததும் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். தடையில்லாமல், ஏற்ற இறக்கத்தோடு, நிறையப் பேசினார். எனக்கு ‘தண்ணீர்’ என்ற சொல் பிடிபட்டது. ‘அம்மா’ என்பது போல ஒன்று. மற்றது எதுவும் பிடிபடவில்லை. வினைச்சொற்களுக்கு நான் அறிந்த முடிவுகள் இல்லை. சொற்கள் பாதியில் அறுந்து ஓரெழுத்தாக விழுந்தன. மூளையில் அடிபட்டவர்கள் சிலர் இப்படித்தான் பேசுவார்கள், கேட்க மொழி போலவே இருக்கும், உள்ளே பொருள் இருக்காது என்று மொழியியல் எம்.ஏ. மாணவர்களுக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேன். பாடத்தில் இருந்ததை நேரில் பார்க்கிறேன் என்று நினைத்தேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் இளம்பெண் கோப்போடு வந்தாள். இவர் பேசுவது இவருடைய தாய்மொழியா என்று கேட்டாள். சில ஜப்பானியச் சொற்கள் இருக்கின்றன, மற்றவை அர்த்தமற்ற ஒலி என்றேன். அதை எழுதித் தரமுடியுமா என்றாள். ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, கீழே என் பட்டத்தையும் பதவியையும் எழுதினேன். எனக்குப் புரியவில்லை என்று எழுதியிருக்கலாம். அது அப்போது என் நினைவுக்கே வரவில்லை.

வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் போய்ப் பார்த்தேன். ஊரில் பந்த் நடக்கும் நாட்களில் மட்டும் போக முடியாது. போகும்போது ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துப் போவேன். பல மொழி அறிந்த ஒருவர் பக்கவாதத்துக்குப் பின் எந்த மொழியை இழக்கிறார், எதை வைத்துக்கொள்கிறார் என்று ஒரு கட்டுரை எழுத எண்ணம். ரீடர் பதவி உயர்வுக்கு எனக்கு ஒரு நல்ல கட்டுரை தேவைப்பட்டது. கணவரிடம் அனுமதி கேட்டேன். “பண்ணுங்க டீச்சர், யாருக்காவது பிரயோசனப்பட்டா சரி” என்றார். அன்புக்காகவும் போனேன், கட்டுரைக்காகவும் போனேன். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இன்றும் எனக்குத் தெரியவில்லை.

அம்மாள் எதையாவது சொல்லும்போதெல்லாம் கணவர் என் பக்கம் திரும்புவார். “என்ன சொல்லுதா?” நான் பிடிபட்ட ஒரு சொல்லை வைத்து ஒரு வாக்கியம் கட்டிக் கொடுப்பேன். களைப்பாக இருக்கிறதாம். ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார். அவர் எழுந்து போய் ஜன்னலைத் திறப்பார்.

சாப்பாட்டில்தான் பிரச்சினை தொடங்கியது. கணவர் தட்டில் குழையப் பிசைந்த சோற்றோடு எதிரே உட்காருவார். இரண்டு வாய் வாங்கிய பிறகு அம்மாள் இடது கையால் தட்டை அவர் பக்கமே தள்ளி, “கெ” என்பார். அவர் மறுபடி நீட்டுவார். அம்மாள் மறுபடி தள்ளுவார். “கெ, கெ.” நான் படித்த ஜப்பானிய மொழியில் ‘கெ’ என்றால் முடி. சோற்றில் முடி கிடக்கிறது என்று சொல்கிறார் போலிருக்கிறது என்றேன். கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சோற்றைப் பருக்கை பருக்கையாக விலக்கிப் பார்த்தார். சமையல் செய்யும் பெண்ணைத் தலையில் துணி கட்டிக்கொள்ளச் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வேளையும் அம்மாள் கண்முன்னால் சோற்றைத் துழாவிக் காட்டிவிட்டுத்தான் ஊட்டுவார். அப்படியும் அம்மாள் தட்டைத் தள்ளுவது நிற்கவில்லை. மற்ற பேச்சுக்குப் பொருள் இல்லாதபோது இதற்கு மட்டும் எங்கே இருக்கப்போகிறது என்று நானும் விட்டுவிட்டேன். என் குறிப்பேட்டில் ‘கெ’ என்பதற்கு எதிரே ‘திரும்பத் திரும்ப வரும் வெற்றொலி’ என்று எழுதிவைத்தேன்.

உடம்பு இளைத்துக்கொண்டே போனது. உணவை மறுக்கிறார், இப்படியே விட்டால் தாங்காது, மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி கொடுக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். விழுங்குவதற்குச் சிரமப்படுகிறாரா என்று கேட்டார். இல்லை, தட்டைத் தள்ளுகிறார் என்று கணவர் சொன்னார். ஆமாம், தள்ளுகிறார் என்று நானும் சொன்னேன்.

குழாய் போட நர்ஸ் வீட்டுக்கு வந்த அன்று, ஜப்பானிய மொழியில் எடுத்துச் சொல்வதற்காகக் கணவர் என்னை வரச் சொன்னார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சுத்தமான மரியாதை நடையில் சொன்னேன். இது உங்கள் நல்லதுக்குத்தான், கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. அம்மாள் என்னைப் பார்த்தார். நர்ஸ் கையில் இருந்த குழாயைப் பார்த்தார். “மைனெ” என்றார். நர்ஸ் நெருங்க நெருங்க, “மைனெ, மைனெ.”

கணவர் முகம் மாறியது. “மைனியக் கூப்பிடுதா டீச்சர். எங்க அண்ணன் பொண்டாட்டி. கல்யாணம் முடிஞ்சு வந்த புதுசுல ஊர்ல அவங்ககூடத்தான் இருந்தா. அவங்கதான் இவளுக்குச் சேல கட்டப் படிச்சுக் குடுத்தாங்க.”

என் குறிப்பேட்டில் தமிழ்ச் சொல் ஒன்றுகூட அதுவரை வந்ததில்லை. தமிழ் திரும்பி வருகிறது என்று எனக்கும் மகிழ்ச்சி. கணவர் உடனே ஊருக்குப் போன் போட்டு, அம்மாளின் காதருகே பிடித்தார். மறுமுனையில் வயதான குரல் ஒன்று, “ஏட்டி, நல்லாருக்கியாட்டி, நான் வந்து பாக்கேன்” என்று அழுதுகொண்டே பேசியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அம்மாள் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் குரலைக் கேட்டார். அந்த நேரத்தில் நர்ஸ் குழாயைச் செருகினாள். இழுத்துவிடாமல் இருக்க அம்மாளின் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.

அதற்கு ஐந்து மாதம் கழித்து நாச்சாரத்தில் ஒரு தொழிற்சாலைக்கு மொழிபெயர்க்கப் போனேன். ஜப்பானிலிருந்து ஒரு பொட்டலம் கட்டும் இயந்திரம் வந்திருந்தது. அதைப் பொருத்த ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் இன்ஜினியரும் உதவிக்கு ஓர் இளம் டெக்னீஷியனும் வந்திருந்தார்கள். இரண்டாம் நாளே டெக்னீஷியனுக்கு வயிறு கெட்டுவிட்டது. மதியம் கேன்டீனில் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தான். இன்ஜினியர் தன் தயிர்சாதத் தட்டை அவன் முன்னால் தள்ளி, “கெ” என்றார்.

கையில் இருந்த கரண்டியைத் தட்டில் வைத்தேன். இப்போது என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் கூச்சப்பட்டார். மன்னிக்கவேண்டும், இவனும் என் ஊர்ப் பக்கம், எங்கள் வடக்குப் பேச்சு வாயில் வந்துவிட்டது என்றார். அங்கே குளிர் அதிகம், வாயை ரொம்ப நேரம் திறந்து வைக்க முடியாது, அதனால்தான் எங்கள் சொல்லெல்லாம் இத்தனை குட்டை என்று டோக்கியோக்காரர்கள் கேலி செய்வார்களாம்.

“கெ என்றால்?”

“சாப்பிடு.”

மைனெ என்று ஒரு சொல் இருக்கிறதா என்றேன். அவர் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார். இந்த ஊரில் அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். கூடாது, ஆகாது, வேண்டாம் என்று அர்த்தம் என்றார்.

எழுந்து குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினேன். திரும்பக் கழுவினேன். அன்று பிற்பகல் இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டச் சொன்னதைக் குறைக்கச் சொன்னதாக மொழிபெயர்த்து, சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினேன். மாலையில் அந்த இன்ஜினியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வேறொன்றும் கேட்காமல், ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை, வருகிறேன் என்றார்.

ஞாயிறு காலை தார்நாகா வீட்டில் அவர் காலணியைக் கழற்றிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர் முகமும் அம்மாளின் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. மெதுவாக எதையோ சொன்னார். குழாயோடு கூரையைப் பார்த்துப் படுத்திருந்த அம்மாள் தலையைத் திருப்பினார். அவர் இன்னொன்று சொன்னார். அம்மாள் பதில் சொன்னார். அவர் சிரித்தார். அம்மாளும் கோணிய வாயால் சிரித்தார். பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருவரும் பேசினார்கள். அம்மாளுக்கு மூச்சு வாங்கும்போது அவர் காத்திருந்தார். இடையிடையே அவர் எனக்கு டோக்கியோ நடையில் சொல்வார், நான் கணவருக்குத் தமிழில் சொல்வேன்.

பெரிய விஷயங்கள் எதையும் அம்மாள் பேசவில்லை. கூரையில் பனியைத் தள்ளிவிட்டார்களா என்று கேட்டார். எந்த ஊர், எந்தத் தோட்டத்து ஆப்பிள் இனிப்பு என்று விசாரித்தார். மகள் பள்ளிக்கூடம் விட்டு வர நேரமாகிறதே என்றார். பிறகு கணவரைக் கண்ணால் காட்டி நீளமாகக் குறைபட்டுக்கொண்டார். இன்ஜினியர் சொல்லத் தயங்கினார். நான் வற்புறுத்திக் கேட்டேன். இந்த மனிதர் உட்கார்ந்து சாப்பிடுவதே இல்லை, எனக்கு ஊட்டிக்கொண்டே இருக்கிறார், எலும்பாகிவிட்டார், சாப்பிடு சாப்பிடு என்று தட்டைத் தள்ளினால் சோற்றில் எதையோ தேடுகிறார். இதுதான் அவர் சொன்னது.

அம்மாள் இன்னொன்றும் கேட்டார். கையில் பெட்டியோடு வந்து உட்காருகிறாளே, அந்த டோக்கியோக்காரி யார், எதற்கு வருகிறாள் என்று. இன்ஜினியர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அதை எனக்குச் சொன்னார். அதை மட்டும் நான் தமிழில் சொல்லவில்லை.

மற்றதையெல்லாம் சொன்னேன். ‘கெ’ என்பது முடி இல்லை என்று சொன்னேன். ‘மைனெ’ என்பது யாரையும் கூப்பிட்டது இல்லை என்றும் சொன்னேன். மருத்துவமனைக் கோப்பில் நான் எழுதியது தப்பு, இவர் பேசியது முழுக்க மொழிதான், எனக்குத்தான் தெரியவில்லை என்றும் சொன்னேன்.

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நின்றார். பிறகு சமையலறைக்குப் போய் ஒரு தட்டில் தயிர்சாதம் போட்டுக்கொண்டு வந்து, அம்மாளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். விழுங்க முடியாமல் விழுங்கினார். அம்மாள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “மெ?” என்றார். நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறார் என்றார் இன்ஜினியர். நான் தமிழில் சொல்வதற்கு முன்பே கணவர் தலையை ஆட்டினார்.

இன்ஜினியர் வியாழக்கிழமை ஜப்பானுக்குப் போய்விட்டார். போவதற்கு முன் எனக்கு ஒரு தாளில் முப்பது சொற்கள் எழுதிக் கொடுத்தார். நான் அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு போய் அம்மாளிடம் பேசினேன். வலிக்கிறதா, குளிர்கிறதா, போதுமா. அம்மாள் சிலதற்குப் பதில் சொன்னார், சிலதற்கு என் முகத்தை அந்நியரைப் பார்ப்பது போலப் பார்த்தார். குழாயை எடுத்துவிடலாமா என்று மருத்துவரிடம் போய்க் கேட்டோம். எடுத்தார். இரண்டு கரண்டிக் கஞ்சியிலேயே புரையேறிவிட்டது. இத்தனை மாதத்தில் தொண்டைக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது, இனி ஆபத்து என்று மறுபடி போட்டார்கள். அன்றும் “மைனெ” என்றார். அன்று எங்களுக்குப் புரிந்தது. புரிந்தும் போட்டார்கள்.

அடுத்த வருட மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, அதே மருத்துவமனையில் இறந்துபோனார்.

துக்கத்துக்கு ஊரிலிருந்து அந்த மைனியும் வந்திருந்தார். வந்தவர்களிடமெல்லாம், “பேச்சு நின்னு போயும் என்னத்தான் கூப்பிட்டா. மைனி மைனின்னு சொல்லிருக்கா, தம்பி போன் போட்டுக் குடுத்தான்” என்று சொல்லிச் சொல்லி அழுதார். கணவர் கூட்டத்துக்கு இடையிலிருந்து என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீர் எடுக்க வந்தவர் போலச் சமையலறைக்கு வந்தார்.

“அவங்ககிட்ட சொல்லிராதீங்க டீச்சர்.”

“சொல்ல மாட்டேன் சார்.”

மகள் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தாள். மருத்துவமனைத் தாள்களை ஒழுங்குபடுத்தும்போது என் கையெழுத்திட்ட தாள் அவள் கையில் கிடைத்திருக்கிறது. மாடிப்படியில் என்னை நிறுத்தி, இது நீங்கள் எழுதியதுதானே ஆன்ட்டி என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆமாம் என்றேன். உண்மை தெரியும்வரை எட்டு மாதம் அம்மா பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள், சத்தம் என்று நினைத்து நான் போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன் என்றாள். குரலை உயர்த்தவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். இப்போது கேட்க எனக்குத் தெம்பில்லை என்றாள். பிறகு எப்போதும் அவள் கேட்கவில்லை.

மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் குறிப்பு தவறானது, கோப்பில் இந்தத் திருத்தத்தைச் சேர்க்கவேண்டும் என்று. முடிந்துபோன கோப்பில் எதையும் சேர்க்க முடியாது என்று பதில் வந்தது. கட்டுரை ஒரு கருத்தரங்கில் ஏற்கப்பட்டிருந்தது. தரவு தவறு என்று எழுதி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். துறைத் தலைவர் கூப்பிட்டு, தவறு என்பதையே இன்னொரு கட்டுரையாக எழுதலாமே, அது இதைவிட நன்றாக இருக்கும் என்றார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். எனக்கு முடியவில்லை. ரீடர் பதவி மூன்று வருடம் தள்ளி வந்தது.

பதிவுகள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. சிலவற்றை அந்த இன்ஜினியருக்கு அனுப்பினேன். கேட்டு எழுதி அனுப்பினார். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த மின்னஞ்சல் முகவரி செத்துவிட்டது. வடக்குப் பேச்சுக்கான அகராதி ஒன்றை வரவழைத்து, விடுமுறைகளில் நானே உட்கார்ந்து கேட்கிறேன். பாதிக்கு மேல் இன்னும் புரியவில்லை. ஒரு வருடம் வகுப்பில் அந்தப் பேச்சைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னேன். மாணவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒருவர் எழுந்து, இது எக்ஸாமில் வருமா மேடம் என்றார். வராது என்றேன். பேனாவை மூடி வைத்துக்கொண்டார்.

அம்மாள் போன அடுத்த வருடம் கணவர் தார்நாகா வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்கே கிளம்பினார். அண்ணன் மகன் வந்து கூட்டிப்போனான். நான் செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். வண்டி கிளம்ப நேரமிருந்தது. அண்ணன் மகன் பெட்டிகளை உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தான். நாங்கள் இருவரும் பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் டீச்சர்” என்றார். “நாங்க ஹைதராபாத்துக்கு வந்த புதுசு. அவங்க அம்மாவுக்குப் போன் பேச ஐஎஸ்டி பூத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். லைன் சரியில்ல. இவ அவங்க ஊர்ப் பேச்சுல கத்திக் கத்திப் பேசுதா. பூத்துல நின்னவங்கல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து அதே மாதிரி பேசிக் காட்டினேன். அதுக்கப்புறம் அவ போன் பண்ணவே வரல. லெட்டர் போட்டாப் போதும்னுட்டா. அவங்க அம்மா போற வரைக்கும் லெட்டர்தான்.”

கேசட் பிளேயர் பற்றி அவரிடம் அதுவரை சொன்னதில்லை. அன்று சொன்னேன். அன்று அம்மாள் கையால் வாயைப் பொத்திக்கொண்டதைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுத் தலையை மெல்ல ஆட்டினார். என்னைத் தேற்றும்படி எதுவும் சொல்லவில்லை. நானும் அவரைத் தேற்றவில்லை. அண்ணன் மகன் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டான். எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் படியில் ஏறினார். வண்டி நகரும்போது கையை உயர்த்தினாரா, கம்பியைப் பிடித்தாரா என்று தெரியவில்லை.

அன்று எனக்குப் பன்னிரண்டு மணிக்கு வகுப்பு இருந்தது. பஸ் நிரம்பி வழிந்ததால் ஷேர் ஆட்டோவில் தார்நாகா வரை வந்து இறங்கினேன். அவர்கள் குடியிருந்த தெரு வழியாகப் போனால் ஐந்து நிமிடம் மிச்சம். மெயின் ரோட்டிலேயே சுற்றிக்கொண்டு நடந்தேன். வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனேன்.